காப்புச் சுவரின் உட்புறம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் நாட்டு முதுமொழி. உடலைப் பேணுக என்னும் அறிவுரையாகவே இதனை நாம் பெரிதும் ஆண்டு வருகிறோம். ஆயினும் சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருள் கொள்ள வேண்டிய ஓரிடம் இக்காலத்தில் உண்டு. அஃது அணுமின் நிலையத்தின் உலைக்கூடம். அங்கே சுவர் தன் கடமையைச் செய்தால்தான் சுற்றியுள்ள ஊர்களின் வாழ்வு என்னும் சித்திரம் நிலைக்கும். அணுவாற்றல் வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் மேடைதோறும் முழங்குகின்றனர். அம்முழக்கங்களுக்கு இடையே, அச்சுவரின் உட்புறத்தில் நிகழ்வது யாது என்னும் எளிய வினா கேட்பாரற்றுப் போய்விடுகிறது. அவ்வினாவை எழுப்பி, அதற்கு அறிவியல் இதுகாறும் கண்ட விடையை எடுத்துரைத்து, அதன்மேல் நம் கருத்தைப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். கல்பாக்கமும் கூடங்குளமும் தமிழ்க் கடற்கரையில் உள்ளன. 2011, 2012ஆம் ஆண்டுகளில் இடிந்தகரையில் மக்கள் திரண்டு நின்றதும், 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூடங்குளம் உலை இயங்க இசைவளித்துத் தீர்ப்புரைத்ததும் நாம் அறிந்தவையே. இவ்வளவு நிகழ்ந்த பின்னும், உலைக்குள் நேரும் விபத்தில் எப்பொருள் வெளிவரும், எது உள்ளேயே தங்கும், ஏன் தங்கும் என்பதைத் தமிழில் விளக்கிக் கூறும் எழுத்து அரிதாகவே உள்ளது. தம் உயிரைப் பற்றிய செய்தியைத் தம் மொழியில் அறிய இயலாத மக்கள், பிறர் சொல்லை நம்புவர், இல்லையேல் அஞ்சுவர். ஆய்ந்து முடிவு செய்யும் மூன்றாவது வழி அவர்களுக்கு அடைபட்டுப் போகிறது.

ஆவியாகும் எச்சங்கள்

யுரேனிய அணு பிளவுறும்போது இரு சிறு அணுக்களாகச் சிதறுகிறது. அவ்வாறு தோன்றும் நூற்றுக்கணக்கான வகை அணுக்களையே பிளவு விளைபொருள்கள் என்கிறோம். உலை ஒழுங்காக இயங்கும் வரையில் இவை எரிபொருள் வில்லைகளுக்குள்ளும், அவற்றைப் பொதிந்துள்ள சிர்க்கோனிய உலோகக் குழல்களுக்குள்ளும் அடங்கிக் கிடக்கின்றன. குளிர்விக்கும் நீர் அற்றுப்போய் வெப்பம் 2000 டிகிரி செல்சியசையும் கடந்து ஏறுமாயின், குழல் கிழிந்து வில்லை உருகத் தொடங்கும். அப்போது எளிதில் ஆவியாகும் தன்மையுடையவை முதலில் வெளியேறுகின்றன. செனான், கிரிப்டான் என்னும் மந்த வாயுக்கள், அயோடின், சீசியம், டெல்லூரியம் ஆகியன அவற்றுள் தலையாயவை. காற்று உட்புகுந்து எரிபொருளைத் தாக்குமாயின் ருத்தேனியமும் ஆக்சைடாக மாறி அவ்வரிசையில் சேர்ந்துகொள்ளும்.

இவற்றுள் மந்த வாயுக்கள் எதனோடும் ஒட்டுவதில்லை. வழி கிடைத்தால் வெளியேறிக் காற்றில் கலந்து பரவிவிடும். ஏனையவை அத்தகையன அல்ல. எதிர்ப்படும் பரப்போடு உறவாடுவது அவற்றின் இயல்பு. உலையைச் சூழ்ந்து நிற்கும் காப்புக்கூடத்தின் எஃகுத் தகடு, கான்கிரீட்டின் மேல் பூசிய வண்ணம், அடித்தளத்தில் தேங்கிய நீர், மின்வடங்களின் உறை ஆகிய யாவும் அவற்றுக்குப் பற்றுக்கோடாகும். ஆகவே காப்புக்கூடம் என்பதை வெறும் தடுப்பு என்று மட்டும் கருதுவது பொருந்தாது. அது வேதிவினைகள் நிகழும் பெருங்கலமும் ஆகும்.

பாலின் வழியே வந்த கேடு

இவ்வளவு நுணுக்கம் எதற்கு எனின், அயோடின்-131 என்னும் ஒரு பொருளின் வரலாற்றை அறிந்தால் போதும். அதன் அரை ஆயுட்காலம் 8 நாள்களே. 80 நாள்களில் அது ஆயிரத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். ஆயினும் அந்தச் சில வாரங்களில் அது புல்லில் படிந்து, பசுவின் வயிற்றுட் புகுந்து, பாலில் கலந்து, குழந்தையின் தைராய்டு சுரப்பியில் சென்று குவிகிறது.

1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பற்றியது. அவ்வுலைக்குக் காப்புக்கூடம் இல்லை. வெப்பக்காற்று புகைபோக்கியின் வழியே நேரே வெளியேறும் அமைப்பே இருந்தது. அறிஞர் ஜான் காக்கிராஃப்ட் வற்புறுத்தியதனால் புகைபோக்கியின் உச்சியில் வடிகட்டிகள் பொருத்தப்பட்டிருந்தன. வீண்செலவு என்று எள்ளப்பட்ட அவ்வடிகட்டிகள் துகள்களில் கணிசமானவற்றைப் பிடித்துக்கொண்டன. ஆனால் வாயுவாக வந்த அயோடினை அவற்றால் அவ்வாறு பிடிக்க இயலவில்லை. ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பால் வீணாகக் கொட்டப்பட்டது.

1986 ஏப்ரலில் செர்னோபில் வெடித்தபோது கேடு பன்மடங்காயிற்று. அங்கும் உலை முழுவதையும் சூழ்ந்த காப்புக்கூடம் இல்லை. பெலாரஸ், உக்ரைன், ரஷ்யா ஆகிய நாடுகளில் அக்காலத்தில் சிறுவர் சிறுமியராக இருந்தோரிடையே 2005ஆம் ஆண்டு வரை 6000க்கும் மேற்பட்ட தைராய்டுப் புற்றுநோய்கள் கண்டறியப்பட்டதாக ஐக்கிய நாடுகள் அவையின் கதிர்வீச்சு அறிவியற் குழு பதிவு செய்துள்ளது. அவற்றுள் கணிசமான பகுதிக்கு அயோடின் கலந்த பாலே காரணமாக இருக்கக்கூடும் என்பதும் அக்குழுவின் முடிபு. அதே வேளையில் அண்டை நாடாகிய போலந்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கதிரியக்கமற்ற அயோடினை விரைந்து அளித்தது. நல்ல அயோடின் நிறைந்த சுரப்பியில் தீய அயோடினுக்கு இடமில்லை என்பதே அதன் அடிப்படை. ஆக, சுவரில் ஒட்டாத அயோடின் எங்கே சென்று ஒட்டும் என்பதற்கு வரலாறு தந்த விடை, குழந்தையின் கழுத்து என்பதாகும்.

சுவருக்கு எழுதிய கணக்கு

காப்புச் சுவர் தன்பால் எவ்வளவு பற்றிக்கொள்ளும்? 1962இல் அமெரிக்க அணுசக்தி ஆணையம் ஒரு கணக்கு வகுத்தது. உலையிலுள்ள அயோடினில் பாதி வெளிவரும் என்றும், அப்பாதியில் ஒரு பாதி சுவர் முதலிய பரப்புகளில் படிந்துவிடும் என்றும், எஞ்சிய கால்பங்கே கசிவுக்கு உரியது என்றும் அது கொண்டது. எச்சரிக்கையின்பாற்பட்டு வகுத்த கணக்கே இது. எனினும் சுவரின் பங்கு ஆய்ந்து கண்ட அளவாக இராமல் அனுமானமாகவே ஏட்டில் ஏறியது என்பது கருதத்தக்கது.

1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் மூன்று மைல் தீவு நிலையத்தில் இரண்டாம் உலை நீரின்றிக் காய்ந்தது. எரிபொருளில் ஏறத்தாழ பாதி உருகிப்போனது பின்னாளில் தெரியவந்தது. மந்த வாயுக்கள் பல இலட்சம் கியூரி அளவில் வெளியேறின. ஆனால் அயோடின்-131 வெளியேறிய அளவு ஏறத்தாழ 15 கியூரிதான். உலைக்குள் அது பல கோடிக் கியூரி இருந்தது என்பதனை எண்ணும்போது இவ்வேறுபாடு வியப்பூட்டுவதே. அயோடின் சீசியத்தோடு கூடி உப்பாகி, நீரில் கரைந்து, கூடத்துக்குள்ளேயே தங்கிவிட்டது என்று ஆய்வாளர் விளக்கினர். 1995இல் வெளியான அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆவணம், காப்புக்கூடத்துள் புகும் அயோடினில் 95 விழுக்காடு சீசியம் அயோடைடு வடிவில் இருக்கும் என்றே கொண்டது. பழைய கணக்கு மிகையான அச்சம் என்றும், இனிக் கவலை வேண்டா என்றும் கருதும் போக்கு இதனால் வலுத்தது.

நம் கருத்து இங்கேதான் மாறுபடுகிறது. ஒரு விபத்தில் நேர்ந்த நற்பயனை எல்லா விபத்துக்கும் உரிய விதியாகக் கொள்வது அளவை நெறிக்கு ஒத்ததன்று. மூன்று மைல் தீவில் நீர் ஏராளமாக இருந்தது, காப்புக்கூடம் சிதையவில்லை. அவ்விரண்டும் இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதை அந்நிகழ்ச்சி நமக்குச் சொல்லவில்லை.

ஒட்டுதலும் விடுதலும்

வேதியியலார் பரப்புக் கவர்ச்சி என்றும் உறிஞ்சல் என்றும் இரு சொற்களை வேறுபடுத்தி வழங்குவர். பொருளின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொள்வது முன்னது. உள்ளே புகுந்து கலப்பது பின்னது. விருந்தினர் திண்ணையில் அமர்வதற்கும் வீட்டுக்குள் வந்து உறைவதற்கும் உள்ள வேறுபாடு இது. திண்ணையில் இருப்பவர் எந்நேரமும் எழுந்து செல்லலாம். காப்புக்கூடத்தில் அயோடினின் போக்கும் இத்தகையதே.

எஃகுப் பரப்பை அயோடின் அடையும்போது இரும்போடு வினைபுரிந்து இரும்பு அயோடைடாகப் படிகிறது. ஈரமான சுவராயின் வழிந்தோடும் நீரில் கரைந்து அடித்தளக் குட்டையைச் சேர்கிறது. சுவரில் குளிரும் நீராவி தன்னோடு நுண்துகள்களையும் இழுத்துச் சென்று படியச் செய்கிறது. இதுவரை எல்லாம் நன்மையே.

வண்ணம் பூசிய சுவரில்தான் சிக்கல் எழுகிறது. காப்புக்கூடத்தின் உட்புறம் பெரும்பாலும் எப்பாக்சி வகைப் பூச்சால் மூடப்பட்டிருக்கும். கான்கிரீட்டையும் எஃகையும் காப்பதற்காகவும், படிந்த கதிரியக்கத்தைக் கழுவி அகற்றுவதற்காகவும் அது பூசப்படுகிறது. அப்பூச்சு அயோடினை விரைந்து பற்றிக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் கடுங்கதிர்வீச்சும் வெப்பமும் தாக்கும்போது, அதே பூச்சு பற்றிய அயோடினில் ஒரு சிறு பகுதியை மெத்தில் அயோடைடு போன்ற கரிமச் சேர்மங்களாக மாற்றித் திருப்பி விடுகிறது. மெத்தில் அயோடைடு 42 டிகிரி வெப்பத்திலேயே கொதித்து ஆவியாவது. நீர் அதனை எளிதில் பிடிப்பதில்லை. சுவரும் எளிதில் மீண்டும் பற்றுவதில்லை. பிடிக்க வேண்டுமாயின் தனி வேதிப்பொருள் ஏற்றிய கிளர்வூட்டிய கரி போன்றவை தேவைப்படும். வாங்கிய கடனை உருமாற்றித் திருப்பித் தரும் சுவர் இது.

நீரும் நிபந்தனையின்றிக் காக்கும் நண்பன் அன்று. குட்டை நீரில் அயோடைடாகக் கரைந்துள்ள அயோடின், கதிர்வீச்சால் நீர் சிதைந்து தோன்றும் வினைமிகு துகள்களால் மீண்டும் ஆவியாகும் அயோடினாக மாறக்கூடும். நீர் காரத்தன்மையோடு இருப்பின் இம்மாற்றம் மிகக் குறைவு. அமிலத்தன்மை அடையுமாயின் மிகுதி. கதிர்வீச்சுப் பட்ட ஈரக்காற்றிலிருந்து நைட்ரிக் அமிலம் உண்டாகிறது. மின்வடங்களின் குளோரின் கலந்த உறை சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகிறது. எனவேதான் பல உலைகளில் டிரைசோடியம் பாஸ்பேட் போன்ற காரப்பொருள்களைக் கூடைகளில் இட்டு அடித்தளத்தில் வைத்துள்ளனர். நீர் ஏறும்போது அது தானே கரைந்துவிடும். விலை மலிந்த ஓர் உப்பும், கேபிள் உறையின் தன்மையும் ஓர் ஊரின் காற்றைத் தீர்மானிக்கின்றன என்பது சிந்தனைக்குரியது.

கடராஷ் தந்த பாடம்

பிரான்சு நாட்டின் கடராஷ் ஆய்வுக் களத்தில் 1993 முதல் 2004 வரை ஃபெபுஸ் என்னும் பெயரில் ஐந்து சோதனைகள் நடந்தன. ஐரோப்பிய ஆணையமும் பல நாடுகளும் இதிற் பங்கேற்றன. அவற்றுள் நான்கில், ஒரு மீட்டர் நீளமுள்ள ஏறத்தாழ இருபது எரிபொருள் கோல்களை உருகச் செய்து, வெளிவந்த ஆவியைக் குழாய்கள் வழியே 10 கனமீட்டர் கொள்ளளவுள்ள கலத்தினுள் செலுத்தினர். காப்புக்கூடத்தின் சிற்றுரு அக்கலம். அதனுள் வண்ணம் பூசிய பரப்புகளும் அடித்தள நீரும் அமைக்கப்பட்டிருந்தன.

கண்ட முடிவுகள் இரு சாராரையும் திருத்தின. அயோடின் முழுவதும் சீசிய உப்பாகவே வரும் என்பது சரியன்று. தொடக்கத்திலேயே ஒரு பகுதி வாயுவாகவும் வந்தது. அதே வேளையில், கட்டுப்படுத்தும் கோலிலிருந்து ஆவியாகி வந்த வெள்ளி அடித்தள நீரில் படிந்து, அயோடினைக் கரையாத வெள்ளி அயோடைடாகப் பிணைத்துவிட்டது. எவரும் காவலுக்கு நியமிக்காத வெள்ளி காவற்பணி செய்தது. ஆனால் இறுதிச் சோதனையில் வெள்ளிக்கோலுக்கு மாற்றாகப் போரான் கார்பைடுக் கோல் வைக்கப்பட்டபோது, கலத்தை அடைந்த அயோடினில் பெரும்பகுதி வாயு வடிவிலேயே இருந்தது. போரான் சீசியத்தைத் தன்பால் ஈர்த்துக்கொண்டமையால் அயோடின் துணையிழந்து தனித்துப் போயிற்று என ஆய்வாளர் கருதுவர். கொதிநீர் உலைகளிலும், கூடங்குளத்தில் உள்ள ரஷ்ய வகை அழுத்தநீர் உலைகளிலும் போரான் கார்பைடு பயன்படுகிறது. ஆதலின் ஒரு வகை உலையிற் கண்ட ஆறுதலை மற்றொரு வகைக்கு அப்படியே எடுத்துச் செல்லலாகாது என்பது தெளிவு.

புகுஷிமாவின் கான்கிரீட் மூடிகள்

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியதில் ஜப்பானின் புகுஷிமா நிலையத்தில் மூன்று உலைகள் உருகின. வெளியேறிய அயோடின்-131 செர்னோபில் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. சீசியம்-137 ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. காப்பமைப்பு பழுதுற்ற நிலையிலும் பெரும்பகுதியை உள்ளே வைத்துக்கொண்டது என்பதற்கு இது சான்று. அஃது எங்கே தங்கியது?

ஒரு விடை 2021இல் கிடைத்தது. உலைகளின் உச்சியில், காப்புக்கலத்தின் தலைக்கு மேலே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் தடிப்புள்ள மூவடுக்குக் கான்கிரீட் மூடிகள் உள்ளன. இரண்டாம் உலையின் மூடிகளில் 20 முதல் 40 பெட்டாபெக்கரல், மூன்றாம் உலையினவற்றில் ஏறத்தாழ 30 பெட்டாபெக்கரல் சீசியம்-137 படிந்திருக்கக்கூடும் என ஜப்பானிய அணு ஒழுங்குமுறை ஆணையம் மதிப்பிட்டது. காற்றில் வெளியேறிய மொத்த அளவோ 6 முதல் 20 பெட்டாபெக்கரல் வரை என்பது ஐ.நா. குழுவின் கணிப்பு. அதாவது, வெளியே சென்றதைவிட மிகுதியானது அம்மூடிகளின் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டு நின்றது. காவல் நோக்கில் இது பெருநன்மை. ஆனால் சீசியம்-137இன் அரை ஆயுட்காலம் 30 ஆண்டுகள். உலையைக் கலைக்கும் பணியாளர் அம்மூடியை அணுக முடியாத நிலையும் அதனாலேயே உண்டாயிற்று. ஒரு தலைமுறையைக் காத்த பரப்பு, அடுத்த தலைமுறைக்குச் சுமையாகிறது.

நாம் வேண்டுவன

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குங்கால் நாம் வலியுறுத்த விரும்புவன நான்கு.

முதலாவது, சுவர் அனைத்தையும் தடுக்கும் என்னும் உறுதிமொழியும், எதனையும் தடுக்காது என்னும் அச்சுறுத்தலும் ஒருங்கே கைவிடப்படல் வேண்டும். எப்பொருளை, எவ்வெப்பத்தில், எவ்வளவு காலம் தடுக்கும் என்று கூறுவதே நேர்மையான மொழி.

இரண்டாவது, வண்ணப்பூச்சு, கேபிள் உறை, காரப்பொருட் கூடை ஆகியவற்றைப் பராமரிப்புத் துறையின் சில்லறை வேலையாகக் கருதுதல் தகாது. பூச்சு பழையதாக ஆக அதன் இயல்பு மாறும். புதிய பூச்சில் செய்த சோதனை, ஆண்டுகள் பல கடந்து உரிந்த பூச்சுக்குச் சான்றாகாது. எந்தப் பூச்சு, எந்த ஆண்டு, எத்தனை முறை பூசப்பட்டது என்னும் பதிவேடும், பழம்பூச்சின் மீதான ஆய்வு முடிவும் பாதுகாப்பு அறிக்கையில் இடம்பெறல் வேண்டும். நீரைக் காரமாக வைக்கும் ஏற்பாடு மின்சாரத்தையோ மனிதக் கையையோ நம்பி இருத்தல் கூடாது.

மூன்றாவது, அழுத்தம் மிகும்போது காப்புக்கூடத்தின் வாயுவை வெளிவிடும் வழிகளில் உள்ள வடிகட்டிகளைத் துகள் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. மணற்படுகை வடிகட்டி துகள்களைச் சிறப்பாகப் பிடிக்கும்; வாயு அயோடினை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. விண்ட்ஸ்கேல் 1957இல் காட்டியதும் இதுவே. கரிம அயோடைடையும் பிடிக்குமா என்னும் வினாவுக்கு விடை தராத வடிகட்டி, பாதி விடை தந்த மாணவனை ஒத்தது.

நான்காவது, இவ்விடைகள் நிலையத்தைச் சுற்றி வாழும் மக்களின் மொழியில் தரப்படல் வேண்டும். இஃது அறிஞர்க்கே உரிய துறை, பொதுமக்களுக்கு எட்டாது என்பர் சிலர். சுவரில் ஒட்டுதல், ஒட்டியது விடுதல், நீரில் கரைதல், காரமிட்டால் அடங்குதல் ஆகியவற்றை அடுப்பங்கரையிலும் சாயப்பட்டறையிலும் தோல் பதனிடும் தொழிலிலும் அன்றாடம் கண்டறிந்த மக்கள் நம் மக்கள். புரியாது என்று ஒதுக்குவது, சொல்லத் தெரியாதவர் கேட்பவர்மீது ஏற்றும் பழியாகும். விளங்கிக்கொண்ட ஊரில் அயோடின் மாத்திரையை உரிய வேளையில் உட்கொள்வர். விளங்காத ஊரில் அதனையும் ஐயுறுவர்.

நம் கல்லூரியின் வேதியியல், இயற்பியல் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் கற்பதனை உங்கள் தாய்க்கு விளங்குமாறு தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். தமிழ் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். அவர்கள் எழுதிய பக்கத்தைப் படித்து, விளங்காத இடத்தைச் சுட்டிக்காட்டுங்கள். சொல்லைச் செப்பம் செய்யுங்கள். ஊர்ப் பெரியோர் அப்பக்கத்தைக் கையில் கொண்டு, நிலையத்தார் கூட்டும் கூட்டங்களில் அமைதியாக எழுந்து, பூச்சின் வயது என்ன, நீரின் காரம் என்ன, வடிகட்டி எதனைப் பிடிக்கும் என்று கேட்கட்டும். முழக்கத்துக்கு முழக்கமே மறுமொழியாக வரும். அளவறிந்து கேட்கும் வினாவுக்கு அளவோடு விடை தந்தே ஆக வேண்டும்.